போர் முடிந்த பிறகு உரிமைகளைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா?

கேள்வி கேட்டவர்: தாமிரபரணிக்காரி

வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். எங்கள் வீட்டில் பல மாதமாக முடியாத ஒரு வாக்குவாதத்தை இங்கே கொண்டு வருகிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2025 மே 7ஆம் தேதி ஆபரேஷன் சிந்தூர் தொடங்கியது, 10ஆம் தேதி சண்டை நின்றது. அதற்கு இடைப்பட்ட ஒரு நாளில், கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில், "ரெண்டு பக்கமும் சாகுறது ஏழை வீட்டுப் பிள்ளைங்கதான், சண்டையை நிறுத்துங்க" என்று போட்டான். அவ்வளவுதான். ராணுவத்தைத் திட்டவில்லை, பாகிஸ்தானைப் புகழவில்லை. யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிவிட்டார்கள். ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, சாயங்காலம் வரை உட்காரவைத்து, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். செல்போனை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அது திரும்பி வர வாரங்கள் ஆயின. வழக்கு இல்லை, ரசீதும் இல்லை.

அண்ணன் இன்றைக்கும் மகனைத்தான் திட்டுகிறார். "எல்லையில பையன்க உயிரக் கொடுத்துக்கிட்டு இருக்கும்போது உனக்கு என்ன கருத்து வேண்டிக்கிடக்கு? போர் முடியிற வரைக்கும் அரசாங்கம் என்ன கேட்டாலும் கொடுப்போம், முடிஞ்ச பிறகு திரும்ப வாங்கிக்கிடுவோம்" என்பது அவர் கட்சி. மதினிக்கு ஸ்டேஷன் வாசலில் நின்ற அவமானம் இன்னும் ஆறவில்லை.

நான் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறேன். ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக்கொன்ற செய்தியைப் பார்த்து நானும் அழுதவள்தான். அரசு கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் "19ஆம் பிரிவு: பேச்சுரிமை" என்று எழுதும்போது கை தயங்குகிறது. போர் என்று வந்துவிட்டால் எதை விட்டுக்கொடுக்க வேண்டும், எதை விடக்கூடாது? அண்ணன் சொல்கிற மாதிரி திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா?

---

பணகுடி சிக்னல்காரர்

தங்கச்சி, நான் ராணுவத்தில் சிக்னல்ஸில் இருந்து ஓய்வு பெற்றவன். 1999 கார்கில் சண்டையின்போது பணியில் இருந்தேன். அந்தப் பக்கத்தில் இருந்து பார்த்தவனுக்கு இது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

நாங்கள் வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று எழுதக் கூடாது. பணகுடியில் என் அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் என் நம்பர், யூனிட் பெயர், 56 ஏபிஓ என்ற ராணுவ அஞ்சல் விலாசம். மகன் பனிமலையில் இருக்கிறானா பாலைவனத்தில் இருக்கிறானா என்று அவளுக்குத் தெரியாது. அரசியலமைப்பின் 33ஆம் பிரிவே படைவீரர்களின் அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் கட்டுப்படுத்தலாம் என்று சொல்கிறது. தெரிந்துதான் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தோம். வயர்லெஸ்ஸில் ஒருத்தன் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டால் அதற்கு விலை இன்னொருத்தன் உயிர். இதைத் தினமும் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள்.

சிவிலியன்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2008 மும்பைத் தாக்குதலின்போது டிவி சேனல்கள் கமாண்டோக்களின் நகர்வை நேரலையில் காட்டின. அந்தப் பக்கம் உட்கார்ந்து ஃபோனில் கட்டளை கொடுத்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே இங்கிருந்தவர்களுக்குச் சொன்னார்கள். கசாப் வழக்கின் 2012 தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே சேனல்களைக் கடுமையாகக் கண்டித்தது. 2025லும் படை நகர்வை நேரலையில் காட்ட வேண்டாம் என்று அரசு சொன்னது. ரயிலில் டாங்கி போவதை வீடியோ எடுத்து ரீல்ஸ் போடுவதைப் பேச்சுரிமை என்று என்னால் ஏற்க முடியாது.

எல்லை ரொம்ப தூரம், நமக்கு என்ன என்றும் இருந்துவிட முடியாது. விஜயநாராயணத்தில் ஐஎன்எஸ் கட்டபொம்மன் இருக்கிறது, கடலுக்கு அடியில் உள்ள நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புகிற கடற்படை நிலையம். கூடங்குளத்தில் அணுமின் நிலையம். மகேந்திரகிரியில் இஸ்ரோவின் எஞ்சின் சோதனைக்கூடம். எல்லாம் நம் திருநெல்வேலி மாவட்டம்.

உங்கள் மருமகன் எழுதியதில் இடமும் இல்லை, நகர்வும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஸ்டேஷனில் உட்காரவைத்ததை நான் ஆதரிக்கவில்லை. ஆனாலும் அந்த நாலு நாள் பொறுத்திருக்கலாம். பங்கரில் இருக்கிறவன் வீட்டுக்குப் பேசும்போது ஊரில் இப்படிச் சொல்கிறார்கள் என்று காதில் விழுந்தால் மனசு விட்டுப்போகும். படை மன உறுதியில்தான் நிற்கிறது.

---

வண்ணார்பேட்டை பிரவுசிங் சென்டர்

எனக்குச் சட்டம் தெரியாது. நான் பார்த்ததைச் சொல்கிறேன். போர்கூட வேண்டாம், கலவரம் என்றாலே போதும். 2018 மே 22 தூத்துக்குடியில் போராட்டக்காரர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, மொத்தம் 13 பேர் இறந்தார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்துக்கும் இன்டர்நெட்டை நிறுத்தினார்கள். இன்ஜினியரிங் கலந்தாய்வு முதல்முறையாக ஆன்லைனில் நடந்த வருடம் அது, அதற்குப் பதிகிற நேரம். பிள்ளைகள் சர்டிபிகேட் கட்டோடு என் கடை வாசலில் நிற்கிறார்கள், நான் எப்போது வரும் என்று பதில் சொல்ல முடியாமல் நிற்கிறேன்.

வதந்தி பரவக்கூடாது என்று நிறுத்தினார்களாம். எனக்குத் தெரிந்து அந்த நாட்களில்தான் வதந்தி அதிகம். எத்தனை பேர் செத்தார்கள், அடுத்து எங்கே சுடப்போகிறார்கள் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். சரிபார்க்க வழி இல்லை. அந்த உத்தரவில் என்ன எழுதியிருந்தது என்று கடைக்கு வந்த ஒருவருக்கும் தெரியாது.

---

டவுண் வழக்கறிஞர்

டீச்சர், நெல்லைக் கோர்ட்டில் தொழில் பார்த்தவன் நான், இப்போது வயதாகிவிட்டது. மதுரைக் கிளை 2004இல் வருவதற்கு முன்னால் பிடித்துவைத்தவரைக் கோர்ட்டில் நிறுத்தச் சொல்லி ஒரு ஆட்கொணர்வு மனு போட வேண்டும் என்றால் நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னைக்குத்தான் ஓட வேண்டும். விசாரணை இல்லாமல் தடுப்புக் காவலில் உள்ளே போனவர்களின் வீட்டுப் பெண்கள் அந்த ரயிலில் என்னோடு வந்திருக்கிறார்கள். அதனால் இந்த விஷயத்தில் எனக்கு உணர்ச்சி கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

உங்கள் அண்ணனுடைய கணக்கைத்தான் முதலில் எடுக்கிறேன். கொடுப்போம், பிறகு வாங்கிக்கொள்வோம் என்பதை இந்தியா ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது.

1962 அக்டோபர் 20 சீனா தாக்கியது. 26ஆம் தேதி அரசியலமைப்பின் 352ஆம் பிரிவின்படி நெருக்கடி நிலை அறிவித்தார்கள். அன்றைக்கே இந்தியப் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது, அதன்கீழ் விதிகள் வந்தன. அந்த விதிகளுக்கு டிஐஆர் என்று சுருக்கப் பெயர், சொன்னால் அந்தக் காலத்து ஆட்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். விசாரணை இல்லாமல் யாரையும் உள்ளே வைக்கலாம். நாட்டில் யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. பெண்கள் தாலிக்கொடி தவிர மற்ற நகையைக் கழற்றிக் கொடுத்த நேரம் அது, உரிமையையா கணக்குப் பார்ப்பார்கள்? நவம்பர் 21இல் சீனாவே போரை நிறுத்தியது. ஒரு மாதச் சண்டை. நெருக்கடி நிலையை எப்போது விலக்கினார்கள் தெரியுமா? 1968 ஜனவரி 10. நடுவில் 1965இல் பாகிஸ்தானோடு போர் வந்தது உண்மை. அதுவும் 1966 ஜனவரியில் தாஷ்கண்ட் ஒப்பந்தத்தோடு முடிந்தது. அதற்கு அப்புறமும் இரண்டு வருடம் அந்த அதிகாரம் அரசின் கையிலேயே இருந்தது.

சரி, அந்த அதிகாரம் யார் மேல் பாய்ந்தது? முதலில் சீன வம்சாவளியினர் மேல். அசாமில் மாக்கும், பிறகு டார்ஜிலிங் போன்ற இடங்களில் தலைமுறையாகக் கடை வைத்து, தச்சு வேலை செய்து வாழ்ந்தவர்கள். சுமார் 3000 பேரைக் குழந்தை குட்டியோடு ரயிலேற்றி ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். போர் முடிந்து வருடக்கணக்கில் அங்கே இருந்தவர்கள் உண்டு. அடுத்து 1964 கடைசியில் மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர்கள். 1965இல் கேரளத் தேர்தலில் அவர்களில் பலர் சிறையில் இருந்தபடியே ஜெயித்தார்கள்.

இப்போது நம் ஊருக்கே வருவோம். 1965 பிப்ரவரியில், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை ஒட்டி, சட்டமன்ற உறுப்பினராக இருந்த மு. கருணாநிதியைக் கைது செய்து பாளையங்கோட்டைச் சிறையில் தனிமையில் வைத்தார்கள். எந்தச் சட்டம்? அதே இந்தியப் பாதுகாப்புச் சட்டம். இமயமலையில் சீனப் படை வந்ததற்காகக் கேட்டு வாங்கிய அதிகாரம், இரண்டே கால் வருடத்தில் மொழிப் போராட்டக்காரரைப் பாளையங்கோட்டையில் பூட்டப் பயன்பட்டது. அவர் கட்சியைப் பிடிக்கிறதா இல்லையா என்பது இங்கே கேள்வியே இல்லை.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட மனதில் தைத்த வழக்கு சதானந்தன் வழக்கு. திருவனந்தபுரத்தில் மண்ணெண்ணெய் மொத்த வியாபாரி. 1965 அக்டோபரில் டிஐஆரில் அவரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். சமூகத்துக்கு வேண்டிய அத்தியாவசியப் பொருள் வழங்கலுக்குக் குந்தகமாக நடந்துவிடுவாராம். அவர் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது: ஒரு போலீஸ் அதிகாரி தன் உறவுக்காரருக்கு என் வியாபாரத்தை வாங்கிக்கொடுக்கவே இப்படி அறிக்கை எழுதினார். அந்த அதிகாரி அதை மறுத்து ஓர் உறுதிமொழிப் பத்திரம்கூடத் தாக்கல் செய்யவில்லை. 1966 பிப்ரவரியில் தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் தலைமையிலான அமர்வு அவரை விடுதலை செய்தது. இப்படிப்பட்ட அளவற்ற அதிகாரத்தைத் தொடர்ந்து பயன்படுத்திக்கொண்டே இருந்தால் அதிகாரிகளின் மனசாட்சி மரத்துப்போகும் என்ற கவலையையும் தீர்ப்பில் பதிந்தார்கள். சீனாக்காரனைத் தடுக்க நாம் கொடுத்த அதிகாரம் மண்ணெண்ணெய்க் கடை வரை வந்துவிட்டது, டீச்சர். உங்கள் அண்ணனிடம் இந்த ஒரு வழக்கை மட்டும் சொன்னால் போதும்.

இதில் யாரும் ராட்சசர்கள் இல்லை. அதிகாரம் கையில் வந்தால் பக்கத்தில் இருக்கிற வேலைக்கு அது எடுக்கப்படும், அவ்வளவுதான். வெள்ளைக்காரன் காலத்திலும் இதே கதை. முதல் உலகப் போருக்காக 1915இல் கொண்டுவந்த இந்தியப் பாதுகாப்புச் சட்டம் போர் முடிந்து ஆறு மாதத்தில் காலாவதியாக வேண்டும். அந்த அதிகாரத்தை விட மனமில்லாமல் 1919இல் ரௌலட் சட்டம் கொண்டுவந்தார்கள். அதை எதிர்த்த கொந்தளிப்பில்தான் ஜாலியன்வாலா பாக். பாரதி கதை நமக்குத் தெரிந்ததுதான். 1918 நவம்பர் 11இல் போர் முடிந்துவிட்டது. அதே மாதம் 20ஆம் தேதி புதுச்சேரியை விட்டு வந்தவரைக் கடலூர் அருகே கைது செய்தார்கள். மூன்று வாரத்துக்கு மேல் சிறையில் வைத்து, திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருக்க வேண்டும், எழுதியதை வெளியிடும் முன் சிஐடி போலீஸ் மேலதிகாரியிடம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு விட்டார்கள். கடையத்துக்கு அவர் வந்தது அப்படி. போர் முடிந்த பிறகு வந்த நிபந்தனை இது, கவனியுங்கள்.

நான் அரசுக்கு அதிகாரமே வேண்டாம் என்று சொல்கிறவன் இல்லை. சிக்னல்காரர் அண்ணாச்சி படை நகர்வு பற்றிச் சொன்னதில் எனக்கு ஓர் எழுத்துகூட மறுப்பில்லை. போரில் அரசு வேகமாக இயங்க வேண்டும், சிலவற்றை மறைக்க வேண்டும். அதனால் எவ்வளவு அதிகாரம் என்று நான் கேட்பதில்லை. எந்தத் தேதி வரைக்கும், என்ன காரணம் எழுதியிருக்கிறது, தவறாகப் பயன்படுத்தினால் எந்த நீதிபதி கேட்பார், இவற்றைத்தான் கேட்கிறேன். நகையை அடகு வைத்தால்கூடச் சீட்டில் தேதி போட்டு வாங்குகிறோம்.

உங்கள் மருமகன் விஷயம். கார்கிலிலும் சரி, சிந்தூரிலும் சரி, நெருக்கடி நிலை அறிவிக்கப்படவே இல்லை. அவன் ஸ்டேட்டஸ் போட்ட அன்று 19ஆம் பிரிவு முழுதாக நடைமுறையில் இருந்தது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று அந்தப் பிரிவிலேயே எழுதியுள்ள காரணங்களுக்காக, அதுவும் நியாயமான அளவில்தான் பேச்சைக் கட்டுப்படுத்தலாம். சண்டையை நிறுத்துங்கள் என்பது அதில் எதற்குள்ளும் வராது. புனேயில் 19 வயது இன்ஜினியரிங் மாணவி சமூக வலைத்தளப் பதிவு ஒன்றைப் பகிர்ந்ததற்காகக் கைதாகி, கல்லூரியும் நீக்கிவிட்டது. மே 27இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அவளை உடனே விடச் சொல்லி, பரீட்சை எழுத வழி செய்து, அரசைக் கண்டித்தது. இன்னொன்று: போலீஸ் ஒரு பொருளைக் கைப்பற்றினால் உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். வழக்கும் இல்லாமல் ரசீதும் இல்லாமல் செல்போனை வைத்துக்கொண்டதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. கரும்பலகையில் தைரியமாக எழுதுங்கள்.

---

மேலப்பாளையத்துக்காரன்

வக்கீல் சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். "நாம் விட்டுக்கொடுப்போம்" என்று எல்லோரும் பேசுகிறீர்கள். அந்த "நாம்" யார்? எல்லோரும் ஒரே அளவு விட்டுக்கொடுப்பதில்லை.

எனக்கு மேலப்பாளையத்தில் சின்ன ஜவுளிக்கடை. அந்த நாலு நாளும் வாப்பா வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து, ஸ்டேட்டஸ், ஃபேஸ்புக், எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னார். என் தங்கச்சி மகள் தேசியக் கொடி வைத்து ஜெய்ஹிந்த் என்று போட்டிருந்தாள், அதையும் எடுக்கச் சொன்னார். அது நடிப்பு என்று யாராவது சொன்னால் பதில் சொல்ல முடியாது என்றார். பத்து வருடமாக என்னிடம் சேலை எடுக்கிற ஒருவர், "உங்க ஆளுங்க இதைப் பத்தி என்ன பேசிக்கிடுதாங்க?" என்று கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைப் பக்கத்துக் கடை அண்ணாச்சியிடம் அவர் கேட்கவில்லை. பஹல்காமில் இறந்தவர்களுக்காக எங்கள் தெருவிலும் அழுதார்கள். அழுததை நிரூபிக்க வேண்டிய கட்டாயம் எங்களுக்கு மட்டும் இருந்தது.

அதே வாரத்தில்தான் கர்னல் சோஃபியா குரேஷி நாட்டுக்கு முன்னால் நின்று ஆபரேஷனை விளக்கினார். அவரைப் பற்றி ஒரு மாநில அமைச்சர் இழிவாகப் பேசினார். மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்து, எஃப்ஐஆர் போடச் சொல்லி உத்தரவிட்ட பிறகுதான் போட்டார்கள். ஒரு மாணவனின் ஸ்டேட்டஸுக்கு ஸ்டேஷன் தானாக இயங்குகிறது, ராணுவ அதிகாரியை இழிவுபடுத்திய அமைச்சருக்கு ஹைகோர்ட் வேண்டியிருக்கிறது.

தேவ்லி முகாம் பற்றி வக்கீல் சார் எழுதியதும் அமெரிக்கா ஞாபகம் வந்தது. 1942 பிப்ரவரியில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் போட்ட 9066ஆம் எண் ஆணையில் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தார்கள். பெரும்பாலானவர்கள் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். 1944இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமும் அவர்களை ஊரைவிட்டு வெளியேற்றியது சரி என்றது. 1988இல்தான் சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் கொடுத்தார்கள். 46 வருடம். முகாமில் இறந்துபோன கிழவர் கிழவிகளுக்கு அந்த மன்னிப்பு போய்ச் சேரவில்லை.

---

பணகுடி சிக்னல்காரர்

மேலப்பாளையம் தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் ஓடவில்லை. என் யூனிட்டில் எங்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர்களில் எல்லா மதத்தவரும் உண்டு. யாரும் யாரையும் நிரூபிக்கச் சொன்னதில்லை. அந்தக் கேள்வியை ஊரில் கேட்கிறவர்களைப் படை ஒருபோதும் தன் பெயரில் கேட்கச் சொல்லவில்லை.

வக்கீல் சாரிடம் ஒன்று. மண்ணெண்ணெய்க்காரர் கதை அநியாயம், சந்தேகமே இல்லை. ஆனால் நீதிபதி, காரணம், தேதி என்று நீங்கள் சொல்வது கோர்ட் வேகம். சண்டை வேகம் வேறு. விளக்கை அணை என்றால் அந்த நிமிடம் அணைய வேண்டும். ஒரு கிராமத்தைக் காலி செய் என்றால் ராத்திரியோடு காலியாக வேண்டும். உளவு பார்க்கிறான் என்று தகவல் வந்தால், காரணத்தை அழகாக எழுதி முடிப்பதற்குள் அவன் எல்லை தாண்டிவிடுவான். அப்போது இறப்பவன் என் ஆள். இதற்கு என்ன பதில்?

அப்புறம் மன உறுதி விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான். சட்டப்படி அந்தப் பையனுக்கு உரிமை இருக்கலாம். அந்த நாலு நாள் மௌனம் ஒரு மரியாதை.

---

தாமிரபரணிக்காரி

எல்லோருக்கும் நன்றி. அண்ணாச்சி கேட்டது எனக்கும் உள்ள கேள்விதான். இன்னொன்று: 1975 நெருக்கடி நிலைக்குப் பிறகு அரசியலமைப்பைத் திருத்தி எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டார்கள் என்றுதான் பாடத்தில் சொல்கிறோம். 1962 மாதிரி இனி நடக்காது என்று பிள்ளைகளிடம் சொல்லலாமா?

---

டவுண் வழக்கறிஞர்

அண்ணாச்சி, முதலில் செய்யுங்கள், பிறகு பதில் சொல்லுங்கள் என்பதே போதும். அதைத்தான் அரசியலமைப்பும் சொல்கிறது. சாதாரணக் கைது என்றால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். பிடிப்பதற்கு முன் அனுமதி கேட்கச் சொல்லவில்லை. விளக்கை அணைக்கும் உத்தரவுக்கு எந்த வக்கீலும் தடை வாங்கப்போவதில்லை. நான் கேட்பது மறுநாள், அடுத்த வாரம், அடுத்த வருடம் யாராவது கேள்வி கேட்க முடிகிறதா என்பது. பிரவுசிங் சென்டர் தம்பி சொன்ன இன்டர்நெட் விஷயத்திலும் அதுதான். 2020 ஜனவரியில் அனுராதா பசின் வழக்கில் உச்ச நீதிமன்றம், இணையத்தை நிறுத்தும் உத்தரவுகளை வெளியிட வேண்டும், அப்போதுதான் பாதிக்கப்பட்டவர் வழக்குப் போட முடியும் என்று சொல்லிவிட்டது. இன்றைக்கும் பல இடங்களில் அந்த உத்தரவைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

மௌனம் மரியாதை என்பதை நான் மதிக்கிறேன், வற்புறுத்தி வாங்காதவரை. ஸ்டேஷனில் எழுதி வாங்கிய மௌனத்தை உங்கள் ஜவான்கள் மரியாதையாக எடுத்துக்கொள்வார்கள் என்று நான் நம்பவில்லை.

டீச்சர், உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1971 டிசம்பர் 3இல் பாகிஸ்தான் போருக்காக அறிவித்த நெருக்கடி நிலையையும் போர் முடிந்து விலக்கவில்லை. 1975 ஜூனில் உள்நாட்டு நெருக்கடி வந்தபோது பழையதும் சேர்ந்து இரண்டு ஓடிக்கொண்டிருந்தன. இரண்டும் போனது 1977 மார்ச்சில்தான். போர் வருடத்தில் நாட்டின் பாதுகாப்புக்கு என்று கொண்டுவந்த, விசாரணை இல்லாமல் அடைக்க வழி செய்யும் மிசா சட்டத்தில்தான் அரசியல்வாதிகளை உள்ளே தள்ளினார்கள். 1976 ஏப்ரல் 28இல் உச்ச நீதிமன்றம், நெருக்கடிக் காலத்தில் ஆட்கொணர்வு மனுகூடப் போட முடியாது என்று நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. மாறுபட்டு எழுதிய அந்த ஒரு நீதிபதி எச்.ஆர். கன்னா. அதற்கு விலையாகத் தலைமை நீதிபதி பதவியை இழந்தார். அந்தத் தீர்ப்பு தவறு என்று அதே நீதிமன்றம் சொல்ல 2017 ஆகிவிட்டது.

1978இல் வந்த 44ஆவது திருத்தம் நல்ல திருத்தம். இனி நெருக்கடி நிலை வேண்டும் என்றால் அமைச்சரவை எழுத்தில் கேட்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒப்ப வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உயிர் வாழும் உரிமையைத் தரும் 21ஆம் பிரிவை எந்த நெருக்கடியிலும் நிறுத்த முடியாது. அதனால் 1962 அப்படியே திரும்பி வருவது கடினம். இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

ஆனால் அதோடு நிறுத்த வேண்டாம். இன்றைக்கு ஓர் அரசுக்கு நெருக்கடி நிலை தேவையே இல்லை. 1980ஆம் வருடத்துத் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் போர் இல்லாத நாளிலும் ஒருவரை விசாரணை இல்லாமல் 12 மாதம் வைக்கலாம். காவலில் வைத்தது சரியா என்று பார்க்கும் ஆலோசனைக் குழு முன்னால் அவருக்கு வக்கீல் வைத்து வாதாட உரிமை கிடையாது. அந்த 44ஆவது திருத்தத்திலேயே இதற்கும் ஒரு மருந்து எழுதியிருந்தார்கள்: குழுவின் கருத்தைக் கேட்காமல் வைக்கக்கூடிய காலம் மூன்று மாதத்தில் இருந்து இரண்டு மாதமாகக் குறையும், குழுவுக்குப் பதவியில் இருக்கும் உயர் நீதிமன்ற நீதிபதிதான் தலைவராக இருக்க வேண்டும், உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படிதான் குழுவை அமைக்க வேண்டும். நாடாளுமன்றம் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்டு, எல்லாம் முடிந்தது. அமலுக்கு வர மத்திய அரசு ஒரு தேதியை அறிவிக்க வேண்டும், அவ்வளவுதான். ஜனதா, காங்கிரஸ், பாஜக, கூட்டணி அரசுகள் எல்லாம் வந்து போய்விட்டன. அந்த ஒரு பிரிவுக்கு மட்டும் இன்னும் தேதி போடவில்லை. அடுத்த முறை எம்.பி. தேர்தலுக்கு டவுணில் ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் நான் இதைத்தான் கேட்கப்போகிறேன்.